குழந்தை காய்கறி, கீரை சாப்பிட மாட்டேங்குதா? திட்டாதீங்க, கையில் வேலை கொடுங்க... வீட்டிலேயே செய்யக்கூடிய 6 வழிகள்!

மாமல்லபுரம் கடற்கரைக்குக் குழந்தையோடு போய், "அது வேணும்... இது வேணும்..." என்ற அழுகை இல்லாமல் திரும்பிய குடும்பங்கள் குறைவுதான். அந்த அழுகைக்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தது ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாய். துணிக்கும் காகிதத்துக்கும் சாயம் ஏற்றப் பயன்படும் 'ரோடமைன்-பி' என்ற ரசாயனம் அதில் கலந்திருப்பது ஆய்வகப் பரிசோதனையில் உறுதியானதால், 2024 பிப்ரவரி 17-ம் தேதி தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே புதுச்சேரி தடை போட்டிருந்தது.

தடையால் ஒரு பொருள் கடையிலிருந்து போகலாம். ஆனால் கலர் ஐஸ், பாக்கெட் சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் அதே கடற்கரையில் இருக்கத்தானே செய்கின்றன? எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பதைக் குழந்தை தானே முடிவு செய்யப் பழகினால்தான் தீர்வு. அந்தப் பழக்கம் அறிவுரையால் வருவதைவிட, கைவேலையால் சீக்கிரம் வரும் என்கின்றன குழந்தைகளின் உணவுப் பழக்கம் பற்றிய ஆய்வுகள்.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கோவளம் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும் பொருட்களை வைத்தே இதை எப்படிச் செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்?

2019-21 காலகட்டத்தில் நடந்த 5-வது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. முந்தைய கணக்கெடுப்பில் இது 50.7 சதவீதம்தான். அதாவது, குறைய வேண்டியது கூடியிருக்கிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதத்துக்குத் தவறான உணவுப் பழக்கம் காரணம் என்று 2024 மே மாதம் வெளியான ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி மதிப்பிடுகிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் எல்லாம் பெரியவர்களான பிறகு வந்தாலும், அதற்கான நாக்கு சின்ன வயதிலேயே பழகிவிடுகிறது.

பள்ளிக்கூடம் தன் பங்கைச் செய்கிறது. 1982-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் கிடைக்கிறது. ஆனால் சாயங்கால ஸ்நாக்ஸ், ராத்திரி சாப்பாடு, சனி, ஞாயிறு, கோடை விடுமுறை... இதெல்லாம் வீட்டின் கையில்தான்.

சொன்னா சாப்பிடாத குழந்தை, செஞ்சா சாப்பிடுமா?

சுமார் 2 வயதிலிருந்து 6 வயது வரை, புதிய உணவைப் பார்த்தாலே "வேண்டாம்" என்பது குழந்தைகளின் இயல்பு. பழகாத பொருள் ஆபத்தாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை உணர்வு அது. பிடிவாதம் என்று நினைத்து அடிப்பதாலோ, வாயைப் பிடித்துத் திணிப்பதாலோ பயம் கூடுமே தவிர, ருசி வராது.

ஒரு புதிய காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறை வரை அது அறிமுகமாக வேண்டியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெரும்பாலான வீடுகளில் 3 அல்லது 4 முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, "எங்க புள்ளைக்கு பீர்க்கங்காய் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுவோம். நல்ல செய்தி என்னவென்றால், தொடுவது, முகர்வது, கழுவுவது, உரிப்பது எல்லாமே அந்தப் பயத்தைக் குறைக்க உதவும்.

சுவிட்சர்லாந்தில் 6 முதல் 10 வயது வரையான 47 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெற்றோருடன் சேர்ந்து மதிய உணவு சமைத்த குழந்தைகள், பெற்றோர் மட்டும் சமைத்தபோது சாப்பிட்டதைவிட சுமார் 76 சதவீதம் அதிகமாக சாலட் சாப்பிட்டார்கள். 2014-ல் வெளியான இந்த ஆய்வைச் செய்தது ஓர் உணவு நிறுவனத்தின் ஆய்வு மையம், குழந்தைகளின் எண்ணிக்கையும் சிறியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே ஆய்வில் எல்லாம் முடிவாகிவிடாது. ஆனால் 'தான் செய்தது' என்ற பெருமை குழந்தையைத் தட்டு வரை கொண்டுவருகிறது என்பது வீட்டில் சப்பாத்தி மாவு உருட்டக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கே தெரியும். கோணல்மாணலான அந்தச் சப்பாத்தியைத்தானே முதலில் கேட்கும்?

சரி, என்ன வேலை கொடுக்கலாம்?

1. கீரை ஆயுறது, அடை தட்டுறது

முருங்கைக்கீரை இந்தப் பக்கம் பல வீட்டு வாசலிலேயே நிற்கிறது. கொத்தை அப்படியே கையில் கொடுத்து, இலையை உருவச் சொல்லுங்கள். 4 வயதுக் குழந்தையும் செய்யும். விரலுக்கும் நல்ல பயிற்சி.

அடுத்தது, கேழ்வரகு மாவோடு அந்தக் கீரை, பொடியாக நறுக்கிய வெங்காயம் சேர்த்துக் குழந்தையே பிசையட்டும். உருண்டை பிடித்து, வாழையிலையில் தட்டிக் கொடுத்தால், அடுப்பு வேலை மட்டும் பெரியவர்களுடையது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, கீரையில் இரும்புச்சத்து. இந்த அடையோடு டீ, காபி வேண்டாம். அவை இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை போன்ற வைட்டமின் சி உள்ளவை அதைக் கூட்டும்.

இடம் இருந்தால் ஒரு தொட்டியில் வெந்தயம் தூவச் சொல்லுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் கிள்ளலாம். அரைக்கீரை, சிறுகீரை என்றால் மாதக் கணக்கு. கடலுக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: மணல் மண்ணில் தண்ணீர் நிற்காது, உப்புக்காற்றும் இலையைக் கருக்கும். அதனால் தொட்டியில் தொழு உரம் கலந்த மண் போட்டு, காற்று நேராக அடிக்காத சுவர் ஓரமாக வைப்பது நல்லது. மாடித் தோட்டத்துக்கான விதை, தளைகள் பற்றித் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

2. பயறு முளைக்கும் மூணு நாள் மேஜிக்

குழந்தைக்குப் பொறுமை இருக்காது. அதனால் சீக்கிரம் பலன் தெரியும் வேலைதான் சரி. பச்சைப்பயறு அதற்கு ஏற்றது.

• முதல் நாள் இரவு: ஒரு கைப்பிடி பயறைக் கழுவி ஊறப்போட வேண்டும்.
• இரண்டாம் நாள் காலை: தண்ணீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் கட்ட வேண்டும். காலை, மாலை துணியை நனைப்பது குழந்தையின் டியூட்டி.
• மூன்றாம் நாள்: வெள்ளை வால் எட்டிப் பார்க்கும். ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதச் சொல்லலாம்.

முளைகட்டும்போது பயறில் வைட்டமின் சி கூடுகிறது. செரிப்பதும் எளிது. ஆனால் ஒரு எச்சரிக்கை: கடலோரப் புழுக்கத்தில் முளைப்பயறு சீக்கிரம் கெட்டுவிடும். கையில் வழவழப்பாக ஒட்டினாலோ, புளித்த வாடை வந்தாலோ தூக்கிப் போட்டுவிட வேண்டும். முளைப்பயறில் கிருமிகள் எளிதில் பெருகும் என்பதால் குழந்தைகளுக்குப் பச்சையாகத் தராமல், ஆவியில் நன்றாக வேகவைத்தே தர வேண்டும்.

3. மீன் வாங்கப் போறப்ப குழந்தையையும் கூட்டிட்டுப் போங்க

கோவளம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று இந்தக் கரை முழுக்க மீனவர் ஊர்கள்தான். காலையில் படகு கரையேறும் நேரத்துக்குப் போனால், குழந்தைக்கு அதைவிடப் பெரிய வகுப்பறை கிடைக்காது. நல்ல மீனைக் கண்டுபிடிக்கும் வேலையைக் குழந்தையிடம் விடுங்கள். பார்க்க வேண்டியவை நான்கு:

• கண் தெளிவாக, துருத்திக்கொண்டு இருக்கிறதா? குழி விழுந்து மங்கியிருந்தால் பழசு.
• செவுள் சிவப்பாக இருக்கிறதா?
• விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மறைகிறதா?
• கடல் வாசனை வருகிறதா, இல்லை துர்நாற்றமா?

விலை கூடிய வஞ்சிரம்தான் சத்து என்று நினைக்க வேண்டியதில்லை. மத்தி மீனில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய. முள்ளோடு மென்று சாப்பிடும் அளவுக்குச் சிறிய நெத்திலியில் கால்சியம் கிடைக்கும். சின்னக் குழந்தைக்கு முள் எடுத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டே தர வேண்டும். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் தினசரி வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பெரும்பாலும் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். நாட்டுப்படகுகளின் மீன் மட்டுமே வரும் அந்த நாட்களில், "ஏன் இன்னைக்கு அந்த மீன் இல்ல?" என்று குழந்தை கேட்டால், மீன்கள் முட்டையிட்டுப் பெருகத்தான் இந்த ஓய்வு என்று சொல்லலாம். சாப்பாட்டுக்கும் பருவம் உண்டு என்பது அங்கேயே புரிந்துவிடும்.

சைவ வீடுகளில் இதே விளையாட்டை உழவர் சந்தையிலோ காய்கறிக் கடையிலோ விளையாடலாம். பிஞ்சு வெண்டைக்காயின் நுனி 'டக்'கென்று உடைகிறதா என்று பார்ப்பதில் குழந்தைகளுக்கு அலாதி சந்தோஷம். நுனி உடைத்த காயை வாங்கிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

4. வீட்டிலேயே ஒரு 'சர்க்கரை போர்டு'

எந்த பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சர்க்கரை போர்டு' வைக்கும்படி 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. இதை வீட்டுச் சுவரிலும் வைக்கலாம். ஒரு காலண்டர் அட்டை, காலி பாக்கெட்டுகள், கொஞ்சம் சர்க்கரை போதும்.

கணக்கு எளிது. 4 கிராம் சர்க்கரை என்பது சுமார் ஒரு டீஸ்பூன். வழக்கமான கூல்டிரிங்க்ஸில் 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் வரை சர்க்கரை இருக்கும். அப்படியானால் 250 மில்லி பாட்டிலில் 25 கிராமுக்குக் குறையாது, அதாவது 6 ஸ்பூனுக்கு மேல். அந்த ஆறு ஸ்பூனைக் குழந்தையே ஒரு டம்ளரில் அளந்து போடட்டும். "இவ்ளோவா?" என்ற கேள்வி தானாக வரும். 2 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாள் முழுக்கவே கூடுதல் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க இதய சங்கத்தின் பரிந்துரை. 2 வயதுக்குள் சர்க்கரை சேர்க்காமல் இருப்பதே நல்லது.

படிக்கத் தெரிந்த குழந்தைக்கு இன்னொரு வேலை: பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் பொருட்கள் பட்டியலைப் படிப்பது. எது அதிக எடையோ அதுதான் முதலில் வரும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களில் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ இருந்தால், முன்பக்கம் எத்தனை பழப்படம் இருந்தாலும் அது மிட்டாய்தான். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் ஆகியவையும் இந்தக் கணக்கில் சர்க்கரையே. 'நாட்டு' என்று பெயர் இருப்பதால் அளவு மீறலாம் என்று அர்த்தம் இல்லை.

5. குட்டி விஞ்ஞானி: சாயம் இருக்கா, இல்லையா?

பஞ்சு மிட்டாயில் மாட்டிய அதே ரோடமைன்-பி, கேழ்வரகு, சக்கரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைப் பளபளப்பாகக் காட்டவும் பயன்படுத்தப்படலாம். வீட்டிலேயே இதைச் சோதிக்க இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எளிய முறைகளை வெளியிட்டிருக்கிறது. குழந்தையோடு செய்யக்கூடிய இரண்டு இதோ:

• கிழங்கு சோதனை: சக்கரவள்ளிக்கிழங்கில் இருக்கும் மண்ணை முதலில் துடைத்துவிடவும். தண்ணீரிலோ சமையல் எண்ணெயிலோ நனைத்த பஞ்சால் தோலைத் தேய்க்கவும். பஞ்சு சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறினால் சந்தேகப்படலாம். கேழ்வரகுக்கும் இதே முறைதான்.
• மஞ்சள் சோதனை: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைப் போட்டு, கலக்காமல் விடவும். நல்ல தூள் அடியில் தங்கும்போது தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். சாயம் கலந்திருந்தால் தண்ணீர் அடர் மஞ்சளாகும்.

இதெல்லாம் சந்தேகத்தைக் காட்டும் சோதனைகள்தான்; இறுதி முடிவு ஆய்வகத்தில்தான். சந்தேகம் வந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யலாம்.

இங்கே குழந்தைக்கு இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். 2025 கோடையில், தர்பூசணியில் ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, விற்பனை சரிந்து, விவசாயிகள் போராடும் நிலை வந்தது. உண்மையில் டிஷ்யூ பேப்பரால் தேய்த்தால் நல்ல தர்பூசணியின் சிவப்பும் ஒட்டும். லைகோபீன் என்ற இயற்கை நிறமி அது. வெறும் வீடியோவை நம்பி முடிவு செய்தால், நல்ல பழத்தையும் இழப்போம், அதை விளைவித்தவர் பிழைப்பையும் கெடுப்போம்.

6. கடற்கரை சுண்டல்... சமையல் உங்க வீட்டுல!

தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் - கடற்கரைக்குப் போகும் பையில் இது இருந்தால், பாதிச் சண்டை குறையும். முதல் நாள் இரவு பட்டாணியைக் குழந்தை ஊறவைக்கட்டும். காலையில் குக்கரில் வேகவைப்பது பெரியவர்கள். துருவிய தேங்காய், மாங்காய், கேரட்டைக் கலப்பது, எலுமிச்சை பிழிவது, உப்பு பார்ப்பது மறுபடி குழந்தை. பட்டாணியில் புரதமும் இரும்புச்சத்தும், மாங்காய், எலுமிச்சையில் வைட்டமின் சி-யும் இருக்கின்றன. ஆக, இரும்புச்சத்து உடலில் சேரும் ஜோடியும் இதிலேயே அமைந்துவிடுகிறது.

கடற்கரைக்குப் போனதும் கையில் 50 ரூபாய் கொடுத்து, "இதுக்குள்ள உனக்கு வேணுங்கறதை நீயே தேர்ந்தெடு" என்று சொல்லிப் பாருங்கள். வேகவைத்த சோளமா, வேர்க்கடலையா, நுங்கா, கலர் ஐஸா? எண்ணெய்ச் சட்டியில் இருப்பது புது எண்ணெயா, கறுத்து நுரை தள்ளும் பழைய எண்ணெயா? கேள்வியை நீங்கள் கேளுங்கள், பதிலை அவர்கள் சொல்லட்டும். ஒரு முறை ஐஸையே தேர்ந்தெடுத்தாலும் கோபம் வேண்டாம்.

எந்த வயசுக்கு என்ன வேலை?

• 2-3 வயது: காய் கழுவுவது, பட்டாணி உரிப்பது, கூடையில் எடுத்துப் போடுவது
• 4-5 வயது: கீரை ஆய்வது, மாவு பிசைவது, வாழைப்பழம் மசிப்பது
• 6-8 வயது: எலுமிச்சை பிழிவது, அளந்து போடுவது, பாக்கெட் படிப்பது
• 9-12 வயது: பெரியவர் பக்கத்தில் நிற்க, சிறிய கத்தியால் வெள்ளரி நறுக்குவது, வாரச் சாப்பாட்டுப் பட்டியல் போடுவது

5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை, முழு திராட்சை தருவதைத் தவிர்க்க வேண்டும். தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. அரிவாள்மனை, கொதிக்கும் பாத்திரம், குக்கர் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். இந்த வேலைகள் பெண் பிள்ளைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரெண்டு பேருக்கும்தானே பசிக்கிறது?

"எங்களுக்கு நேரமே இல்லையே..."

மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இந்தக் கேள்வி நியாயமானதுதான். தினமும் எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிஷம், ஒரே ஒரு வேலை போதும். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் கீரை ஆயும் வேலையை அவர்களோடு சேர்த்துவிடலாம். தனியாகச் செலவும் இல்லை. எப்படியும் சமைக்கப்போகும் சாப்பாட்டில் குழந்தைக்கு ஒரு பங்கு, அவ்வளவுதான்.

பெரியவங்க செய்யக்கூடாதது என்ன?

• லஞ்சம்: "கீரை சாப்பிட்டா சாக்லேட்" என்றால், கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்றுதான் குழந்தை புரிந்துகொள்ளும்.
• போன் காட்டி ஊட்டுவது: எவ்வளவு சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்பதே குழந்தைக்குத் தெரியாமல் போகும்.
• ஒப்பீடு: "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு" என்பது பசியைக் கூட்டாது.
• ரெட்டை நியாயம்: அப்பா தட்டில் ஓரம் ஒதுக்கும் கத்தரிக்காயைப் பிள்ளை தொடாது.

என்ன சாப்பாடு, எந்த நேரம், எங்கே உட்கார்ந்து என்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விடலாம். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த இந்த 'பொறுப்புப் பிரிவினை' முறையை உலகம் முழுக்கப் பல மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். தட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐசிஎம்ஆர் வழிகாட்டி சொல்லும் கணக்கு: பாதித் தட்டு காய்கறி, கீரை, பழம், மீதிப் பாதியில் சோறு அல்லது சிறுதானியம், பருப்பு, முட்டை அல்லது மீன், பால் அல்லது தயிர்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

உடல் எடை கூடாமல் இருப்பது, அல்லது குறைவது, எப்போதும் சோர்வு, உதடும் கண்ணிமையின் உட்புறமும் வெளிறிப்போவது, மண், சாக்பீஸ், சாம்பல் தின்பது, விழுங்கும்போது திணறுவது... இவற்றில் ஏதாவது இருந்தால் கைவேலை மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டி, ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தசோகையைக் கீரையால் மட்டும் சரிசெய்துவிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் இரும்புச்சத்து மருந்து, குடற்புழு நீக்க மாத்திரைகளைத் தவறவிடவும் வேண்டாம்.

மற்றபடி, இன்றைக்கே தொடங்க ஒரு கைப்பிடி பச்சைப்பயறும் ஒரு துணியும் போதும். ராத்திரி ஊறப்போடும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள்.